கம்போடியா ஆன் அரைவல் விசா: அப்பா பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், என்ன செய்வது?

நாகைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவர். அங்கோர் வாட் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஐந்து கோபுரத்தையும் சாக்பீஸால் வரைந்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் நேரில் பார்த்ததில்லை. இப்போது அவருக்கு 71, அம்மாவுக்கு 64. இன்னும் தள்ளிப்போட எனக்கு மனசில்லை, ஜனவரியில் மூன்று பேரும் கிளம்புகிறோம்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப். விலை குறைவு என்று இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகப் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. விசாவில்தான் குழப்பம். ஆன்லைனில் இ-விசா எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள், இறங்கிய இடத்திலேயே ஆன் அரைவல் விசா வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் தலைக்கு ஒன்பதாயிரம் கேட்கிறார், வயதானவர்களுக்கு அங்கே போய் விசா தரமாட்டார்கள் என்றும் பயமுறுத்துகிறார். அது உண்மையா?

இன்னொரு சிக்கல். அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. நம் ஊர்ப் பழக்கப்படி அவர் பெயர் மட்டும்தான் கிவன் நேமில் இருக்கிறது, இனிஷியல்கூட விரித்து எழுதவில்லை. இ-விசா படிவத்தில் சர்நேம் கேட்கிறது, எதைப் போடுவது என்று தெரியாமல் பாதியில் மூடிவிட்டேன். போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேற்கு வாசல்:

சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கம்போடியாவில் இறங்கியதும் சுற்றுலா விசா கிடைக்கும், அதில் வயது வரம்பு எதுவும் இல்லை. போன வருடம் என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன், அவருக்கு 68. இருவரும் சியெம் ரீப்பில் இறங்கித்தான் வாங்கினோம்.

ஆளுக்கு 30 டாலர். பாஸ்போர்ட் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், உள்ளே ஒரு முழுப் பக்கம் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் ஒட்டுகிற விசா ஸ்டிக்கர் முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொள்ளும். அப்பா பாஸ்போர்ட் பழசு என்றால் முதல் வேலையாகப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றே போதும், மற்றது கைகாவலுக்கு.

நடப்பது இதுதான். விமானத்திலிருந்து வந்ததும் குடியேற்ற வரிசைக்கு முன்னாலேயே விசா கவுண்டர் இருக்கும். படிவம், படம், பாஸ்போர்ட், பணம் நான்கையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பாஸ்போர்ட் ஒரு அதிகாரி கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நகர்ந்துகொண்டே போகும். ஒருவர் பார்ப்பார், ஒருவர் ஒட்டுவார், ஒருவர் முத்திரை குத்துவார். கடைசியில் இருப்பவர் பாஸ்போர்ட்டை விரித்துப் படம் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவார். நம் பெயரை அவர்கள் சொல்வது நமக்குப் புரியாது, அதனால் காதை நம்பாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அம்மா பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். எங்களுக்கு எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆனது. மூன்று விமானம் ஒன்றாக இறங்கினால் நேரம் கூடும், அப்பாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் நின்றாலும் போதும்.

ஒற்றைப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு ஆன் அரைவல் விசாதான் நல்லது என்பது என் முடிவான கருத்து. காரணம் எளிது. இ-விசாவில் நாம் தட்டச்சு செய்த பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். சர்நேமில் நாமாக எதையாவது நிரப்பினால் அங்கேயே வித்தியாசம் வந்துவிடுகிறது. கவுண்டரில் அந்தத் தொல்லை இல்லை. பாஸ்போர்ட்டையே கையில் வைத்துப் பார்த்துத்தான் விசா ஒட்டுகிறார்கள், படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிடலாம். என் அம்மாவுக்கும் ஒற்றைப் பெயர்தான், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

விசா வேறு, இ-அரைவல் வேறு. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து கம்போடியாவுக்கு விமானத்தில் வருகிற எல்லோரும் ஆன்லைனில் இ-அரைவல் நிரப்ப வேண்டும். குடியேற்றம், சுங்கம், உடல்நலம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம். இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது, முடித்ததும் ஒரு க்யூஆர் வரும். அதைப் போனில் படமாகச் சேமித்து, தாளிலும் அச்செடுத்து வையுங்கள். இதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. அரசு முகவரி என்றால் டாட் கவ் டாட் கேஎச் (.gov.kh) என்று முடியும். தேடும்போது மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், இ-விசாவுக்கு எண்பது தொண்ணூறு டாலர் வரை பிடுங்கிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

ஊர்சுற்றி72:

மேலே சொன்னதோடு ஒன்று. விசா படிவத்தில் வகை கேட்பார்கள். டி (T) என்பது சுற்றுலா, 30 டாலர். இ (E) என்பது சாதாரண விசா, 35 டாலர். இணையத்தில் வாங்குகிற இ-விசாவும் இந்த இ வகையும் ஒன்றல்ல, பெயர்தான் ஒரே மாதிரி இருக்கிறது. நீங்கள் டி என்று போடுங்கள். 30 நாள் இருக்கலாம், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் ஒரே ஒரு தடவை நீட்டிக்கலாம். நாள் தாண்டினால் ஒரு நாளைக்கு 10 டாலர் அபராதம்.

கவுண்டர்17:

நான் விமான நிலையத்தில் செக்-இன் வேலை பார்க்கிறேன், எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இந்த இழையில் எல்லோரும் சியெம் ரீப் கவுண்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆன் அரைவல் விசாக்காரர்களுக்குச் சோதனை சென்னையிலேயே ஆரம்பித்துவிடுகிறது, என் மேசைக்கு முன்னால்.

விசா இல்லாமல் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய், அந்த நாடு அவரை உள்ளே விடவில்லை என்றால், திருப்பிக் கூட்டி வருகிற பொறுப்பு விமான நிறுவனத்துடையது, பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் நாங்கள் டைமேட்டிக் என்கிற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் கொடுப்போம். எந்தப் பாஸ்போர்ட், எந்த நாடு, எத்தனை நாள் என்று போட்டால் என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்று அது சொல்லும். அது திரும்பி வருகிற டிக்கெட் வேண்டும் என்று சொன்னால் நாங்கள் கேட்டே ஆக வேண்டும், பயணி எவ்வளவு வருந்திக் கேட்டாலும் எங்களால் விட்டுக்கொடுக்க முடியாது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு நான்கு நாள் குறைந்ததால் ஒரு பெரியவரை நிறுத்த வேண்டி வந்தது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தயவுசெய்து தேதியை இன்றைக்கே பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது அந்தத் தனித்தனி டிக்கெட்தான். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராக சியெம் ரீப் போய்விடும், நீங்கள் கோலாலம்பூரில் உள்ளேயே நடந்து அடுத்த விமானத்துக்குப் போகலாம். தனித்தனியாக எடுத்தால் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை, 2023 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சலுகை 2026 கடைசி வரை இருக்கிறது. ஆனால் அவர்களுடைய டிஜிட்டல் அரைவல் கார்டை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும், அதுவும் இலவசம்தான். கோலாலம்பூரில் இரண்டு டெர்மினல் இருக்கிறது. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியிருந்தால் நடுவில் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அதோடு முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, அந்தக் காசு போனது போனதுதான்.

வயதான இருவரோடு போகிறீர்கள். நான்காயிரம் ஐந்தாயிரம் கூடினாலும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். எடுக்கும்போதே அப்பாவுக்கு வீல்சேர் வேண்டும் என்று குறித்துவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அவர் நடக்கக்கூடியவர்தான் என்றாலும் நீண்ட வரிசைகளில் நிற்கிற சிரமம் குறையும்.

ஒற்றைப் பெயருக்கு டிக்கெட்டில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி. நீங்கள் எடுக்கிற நிறுவனத்தின் தளத்தில் பார்த்து அதன்படியே போடுங்கள். கம்போடியாவில் இது ஓடும், ஆனால் துபாய் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே கவனியுங்கள். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் வருகிற ஒற்றைப் பெயர்க்காரர்களை ஏற்பதில்லை, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் மட்டும் விடுகிறார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அப்பாவுக்குச் சர்நேம் சேர்த்துவிடுவது எல்லாவற்றுக்கும் நல்லது.

திருச்சி தம்பி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இதே விசா பற்றித்தான். என் நண்பனுக்கு கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கு, அங்கே போனதும் கம்பெனி மாற்றிக்கொடுக்கும் என்கிறாராம். ஒன்றரை லட்சம் கேட்கிறார். பையன் பாதி கொடுத்துவிட்டான். இப்படி ஆன் அரைவலில் போய் வேலை விசாவாக மாற்ற முடியுமா?

ஊர்சுற்றி72:

தம்பி, அவனைப் போகவிடாதே. மீதிப் பணத்தையும் கொடுக்கவிடாதே.

டூரிஸ்ட் விசா என்பது ஊர் பார்க்க மட்டும். அதை ஒரு தடவை நீட்டிக்கலாம், அதைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது, வேலை செய்கிற உரிமை அதில் கிடையாது. அங்கே முறையாக வேலைக்குப் போகிறவர்கள் இ வகை விசாவில் போய் வொர்க் பெர்மிட் எடுப்பார்கள், அதற்கு ஒரு உண்மையான நிறுவனம் பின்னால் இருக்க வேண்டும்.

நீ சொல்கிற சம்பளம், நீ சொல்கிற வேலை, அந்த டூரிஸ்ட் விசாப் பேச்சு, மூன்றும் சேர்ந்து வந்தால் அது என்ன என்று இப்போது ஊருக்கே தெரியும். இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மதில் சுவருக்குள் கட்டடத்தில் அடைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள். போலிக் காதல், போலி முதலீடு, போலி போலீஸ் என்று நம் ஊர்க்காரர்களையே போனில் ஏமாற்ற வேண்டும். மறுத்தால் அடி. வெளியே விட வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். சிஹனூக்வில், பாவெத், பொய்பெட் பக்கம் இது நிறைய நடந்தது. 2024 மார்ச் கடைசியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்குப்படி அதுவரை சுமார் 250 இந்தியர்களைக் கம்போடியாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள், அதில் 75 பேர் கடைசி மூன்றே மாதத்தில். தமிழ்நாட்டுப் பையன்களும் போய் மாட்டியிருக்கிறார்கள், எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். இன்றைக்கும் போன் மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

அந்த ஆள் பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம், பட்டியலில் இல்லை என்றால் பேச்சே வேண்டாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது, இரண்டிலும் விசாரிக்கலாம். கொடுத்த பணத்துக்கு போலீஸில் புகார் கொடுங்கள். ஏஜென்ட்டோடு பேசிய வாட்ஸப், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல். இன்று இரவே அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசு.

கவுண்டர்17:

ஊர்சுற்றி அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. இந்தக் காரணத்தால்தான் தனியாகக் கம்போடியா போகிற இளைஞர்களைக் குடியேற்ற அதிகாரிகள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். ஹோட்டல் பதிவு எங்கே, திரும்பும் டிக்கெட் எங்கே, என்ன வேலை பார்க்கிறாய், யார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார் என்று. உண்மையாகவே ஊர் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கேட்டு எரிச்சலடைய வேண்டாம், தாள்களை எடுத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பான், ஆனால் எந்தக் கோவிலைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால் பையன் விழிப்பான். அந்த இடத்தில் நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தவன் அழுதுகொண்டுதான் போவான், ஆனாலும் அவன் பிழைத்தான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

திருச்சி தம்பி:

அவனிடம் பேசிவிட்டேன் அண்ணா. பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்ட் கையில் இருக்கிறதாம். நாளைக் காலையில் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் போகிறோம்.

நாகைக்காரி:

தம்பி, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள், மனசு அங்கேயே இருக்கிறது.

எனக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்பா பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், 2029 வரை இருக்கிறது, பக்கங்களும் நிறையக் காலி. ஒரே டிக்கெட்டாகவே எடுத்துவிடுகிறேன். மூன்று பேருக்கும் ஆன் அரைவல், ஒருவருக்கு ஒரு முறை, மற்றவருக்கு வேறு முறை என்று பிரிக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. டாலர் எப்படிக் கொண்டுபோவது, நூறு டாலர் நோட்டாக வாங்கலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, கோவிலில் படி ஏற முடியுமா?

மேற்கு வாசல்:

டாலரைப் பணமாகவே கொண்டுபோங்கள். மூன்று பேருக்கு 90 டாலர் ஆகிறது, அதைச் சரியாக எண்ணித் தனி உறையில் போட்டு பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மீதியை 1, 5, 10, 20 என்று சில்லறையாக வாங்குங்கள். அங்கே டாலரும் ஓடும், அவர்கள் ரியெலும் ஓடும், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4000 ரியெல் என்று கணக்கு. ஒரு டாலருக்குக் குறைந்த மீதியை ரியெலில்தான் தருவார்கள்.

நோட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பணம் மாற்றுகிற கடையில் அவசரப்படாமல் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிசல், பேனா எழுத்து, கடை முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. நான் ஒரு கடையில் கொடுத்த இருபது டாலர் நோட்டில் நடு மடிப்பில் ஒரு அரிசி நீளம் கிழிந்திருந்தது, எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பெண் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாகத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த நோட்டை யாருமே வாங்கவில்லை, ஊருக்கே கொண்டுவந்தேன்.

விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்த புதியது, நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கம் வரும். ஹோட்டலிலேயே வண்டி அனுப்பச் சொல்லுங்கள், இரவில் இறங்கினால் அது கட்டாயம். கோவில் டிக்கெட் தனி: ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஒரு வாரத்துக்கு 72. அப்பாவுக்காகப் போகிறீர்கள் என்பதால் மூன்று நாள் டிக்கெட் எடுங்கள். அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், நடுவில் ஒரு நாள் அவர் ஓய்வெடுக்கலாம்.

படி பற்றிக் கேட்டீர்கள். அங்கோர் வாட்டில் கீழ்த்தளத்துச் சிற்பங்கள் எல்லாம் மண்டபத்தில் நடந்தே பார்க்கலாம், நுழைகிற இடங்களில் சில படிகள் மட்டும். மேல்தளமான பாக்கானுக்குப் போகிற ஏணிப்படிதான் மிகச் செங்குத்து. பழைய கல்படி மேல் மரப்படியும் கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் முழங்கால் வலிக்காரர்கள் இறங்கும்போது சிரமப்படுவார்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், அப்பாவுக்கு வேட்டி நல்ல யோசனை. அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வருகிற புத்த நாள்களில் மேல்தளத்தை மூடிவிடுவார்கள், நம் தினக்காலண்டரைப் பார்த்தே நாளைத் தீர்மானித்துவிடலாம்.

கிழக்குப் பக்கம் தெற்கு மண்டபத்துக்கு அவரைக் காலையிலேயே கூட்டிப்போங்கள், அப்போதுதான் அந்தச் சுவரில் வெளிச்சம் விழும். பாற்கடல் கடைவது 49 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது, ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் ஆமை மேல் நிற்கிற மந்தரத்தைப் பிடித்தபடி விஷ்ணு. என் அம்மா ஒரு முனையிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே நடந்து, நடுவில் கணக்கு விட்டுப்போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருங்கள்.

நாகைக்காரி:

அந்த வரியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காலண்டரை எடுத்து வா என்றார். பௌர்ணமி தள்ளி ஐந்தாம் நாள் பார்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

திருச்சி தம்பி:

அக்கா, பாஸ்போர்ட் வாங்கிவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை, புகார் பதிவாகியிருக்கிறது.